தனக்குத் தானே அண்ணாச்சி

பக்கத்து வீட்டு ரைஹானத் ஒருநாள் காலையில் மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

“டீச்சர், ஒங்க வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காங்களோ? ரெண்டு நாளா, ‘அண்ணாச்சி, மூக்குக்கண்ணாடிய எங்கன வச்சீய? பதறாதீய அண்ணாச்சி, பையப் பையத் தேடுங்க’ன்னு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு. வந்தவங்களுக்கு ரொம்ப மறதியோ?”

“விருந்தாளி எல்லாம் இல்ல ரைஹானத். எங்க வீட்டுக்காரங்கதான் பேசுதாங்க.”

“யார்ட்ட?”

“அவங்ககிட்டயேதான்.”

ரைஹானத் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “ஒண்ணும் கவலப்படாதீங்க டீச்சர், மந்திரிச்சு விடுததுக்கு எனக்குத் தெரிஞ்ச ஆளு இருக்கு” என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. முதல் நாள் நானே ஏமாந்துபோய் இரண்டு தம்ளர் காப்பி கலந்துகொண்டு முன்னறைக்குப் போனவள்தான். அங்கே இவர் ஒருவர் மட்டும் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு, “அண்ணாச்சி, இங்கன இல்ல. வேற எடம் பாப்போமா?” என்று மிக மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடி அவர் சட்டைப் பையில் இருந்தது.

இவர் என் கணவர் மந்திரமூர்த்தி. வயது நாற்பத்தாறு. பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் ரயில், பஸ் டிக்கெட் பதிவு செய்து கொடுக்கும் கடை வைத்திருக்கிறார். ஜெராக்ஸும் உண்டு. நான் சித்ரலேகா, கணக்கு டீச்சர். எங்கள் கல்யாணத்தைப் பேசி முடித்தவர்கள் இரண்டு பேருடைய ஜாதகத்தையும் பார்த்தார்கள். மேஜை இழுப்பறையைத் திறந்து பார்க்கவில்லை. என்னுடைய இழுப்பறையில் பேனா ஒரு பக்கம், பென்சில் ஒரு பக்கம் இருக்கும். அவருடையதில் ஒருமுறை கொத்தமல்லிக் கட்டு இருந்தது.

அவர் ஒரு வேலையைத் தொடங்கினால் அது போகிற வழியில் இன்னும் நாலு வேலையைக் கூட்டிக்கொண்டு போகும். பாலை அடுப்பில் வைப்பார். குழாய் சொட்டுவது கண்ணில் படும். ஸ்பானரைத் தேடப் போவார். தேடும்போது ஓடாத ரேடியோ ஒன்று அகப்படும். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்த பிறகு போய்ப் பார்த்தால், மனிதர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ரேடியோவுக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருப்பார். ரேடியோ பாடும். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் ஊரே தலைகீழாகப் புரண்டால் அன்றைக்கு இவரைப் போல் ஓர் ஆள் கிடையாது. வெள்ளம் வந்த அந்த டிசம்பரில், ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் மாட்டிக்கொண்ட நாற்பது பேருக்கு, கடைக்குள் முழங்கால் தண்ணீரில் நின்றபடியே, டிராக்டர், வேன், தங்க இடம், பிள்ளைகளுக்குப் பால் என்று போனிலேயே ஏற்பாடு செய்தார். ஒரு பெயரை மறக்கவில்லை, ஒரு நம்பர் தப்பவில்லை. மறுநாள் காலையில் வீட்டுக்கு வந்தவர், செருப்பைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

தவறுகளைவிட எனக்குப் பெரிய தொல்லை, தவறு செய்த பிறகு அவர் செய்கிற காரியம்தான். உள்ளங்கையால் தலையில் பட்பட்டென்று அடித்துக்கொள்வார். “லே மூதி! செத்த மூதி! நீயெல்லாம் ஒரு மனுசனாலே?” என்பார். மூதேவியைச் சுருக்கி எங்கள் ஊர்க்காரர்கள் செய்துவைத்த சொல் அது. பிள்ளையைக் கொஞ்சவும் அதைச் சொல்லுவோம், ஆளைக் கொல்லவும் சொல்லுவோம். இவர் சொல்வது இரண்டாவது வகை. சாவி தொலைந்தால் சாவியைத் தேட ஐந்து நிமிஷம், தன்னைத் திட்ட அரை மணி நேரம். திட்டி முடிக்கும்போது என்ன தொலைந்தது என்பதே மறந்திருக்கும்.

நானும் பூமாதேவி இல்லை. கணக்கு டீச்சர். விடை தப்பானால் சிவப்புப் பேனாவை எடுக்கிற ஜாதி. கல்யாணமான பத்தொன்பது வருஷத்தில் நானும் அவரை எவ்வளவோ சொல்லியிருப்பேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இருபத்துமூன்று பேருக்கு வேளாங்கண்ணி டிக்கெட் போட்டார். நாளெல்லாம் சரி, மாசம்தான் அடுத்த மாசமாக விழுந்துவிட்டது. ஜங்ஷன் பிளாட்பாரத்தில் பெட்டி படுக்கையோடு நின்றவர்கள் போன் மேல் போன் போட்டார்கள். எடுத்துப் பேசியிருந்தால் ஒரு வேன் பிடித்து விட்டிருக்கலாம். இவர் போனை அணைத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். பதினொரு நாள் படுத்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால், “எனக்கு எதுக்கு?” என்பார். கடை பூட்டியே கிடந்தது. ஐந்தாவது நாள் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, இந்த மனிதர் இனி எழுந்திருக்கவே மாட்டாரோ என்று எனக்குத் தோன்றிவிட்டது. அன்றிலிருந்து என் பயமெல்லாம் அந்தச் சுவர்தான். இனி ஒரு தடவை அவர் அப்படித் திரும்பிப் படுத்தால் என்னால் எழுப்ப முடியாது என்று எனக்குத் தெரியும்.

பன்னிரண்டாம் நாள் நானே இழுத்துக்கொண்டு போய் டாக்டர் லிண்டாவிடம் உட்கார வைத்தேன். தூத்துக்குடிக்காரர். மனநல டாக்டர் என்றால் மெதுவாகப் பேசுவார்கள் என்று நினைத்திருந்தேன். அவர் மீன் விலை கேட்கிற மாதிரி படபடவென்று கேள்வி கேட்டார். பள்ளிக்கூடக் கதையிலிருந்து கொத்தமல்லிக் கட்டு வரைக்கும் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இதுக்கு ஏடிஹெச்டின்னு பேரு. தமிழ்ல, கவனக்குறைவு மற்றும் மிகையியக்கக் குறைபாடு. சின்னப் பிள்ளையிலேருந்தே உங்ககூட இருக்கு. சோம்பேறித்தனமும் இல்ல, திமிரும் இல்ல” என்றார்.

“அந்தப் பேரச் சொல்லி முடிக்கதுக்கே கவனம் வேணும் போலிருக்கே டாக்டர்” என்றார் இவர். பதினொரு நாளுக்குப் பிறகு அவர் சொன்ன முதல் வேடிக்கை அது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

டாக்டர் மாத்திரை எழுதினார். போனில் அலாரம் வைக்கச் சொன்னார். பிறகு என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவரிடம் தனியாகப் பேசினார். ஸ்கூட்டரில் திரும்பி வரும்போது இவர் சொன்னார்.

“நம்ம கடைக்கு ஒருத்தர் நேத்தைய டிக்கெட்ட வச்சுக்கிட்டு இன்னைக்கு வந்து நின்னா என்ன சொல்லுவீங்கன்னு டாக்டர் கேட்டாங்க சித்ரா.”

“என்ன சொன்னீய?”

“‘பரவால்ல அண்ணாச்சி, மனுசன்னா மறக்கத்தான் செய்வான். இருங்க, அடுத்த வண்டியில எடம் இருக்கான்னு பாப்போம்’னு சொல்லுவேன்னேன். அதையே ஒங்களுக்கும் சொல்லிக்கிட வேண்டியதுதானன்னாங்க.”

நல்ல யோசனைதான் என்று நினைத்தேன். இவர் அதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்வார் என்று நான் கண்டேனா? தனக்கு ஆறுதல் சொல்லிக்கொள்ள வேண்டுமானால் முதலில் தன்னை மரியாதையாகக் கூப்பிட வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டார். திருநெல்வேலியில் ஓர் ஆம்பிளையை ‘லே’ என்று தொடங்கினால் பேச்சு எங்கே போய் முடியும் என்று சொல்ல முடியாது. ‘அண்ணாச்சி’ என்று தொடங்கிவிட்டால் அதற்குப் பிறகு ‘செத்த மூதி’ என்று முடிக்க யாராலும் ஆகாது. நாக்கு வளையாது. இந்த இலக்கணத்தை அவர் தன்மேலேயே ஏவிவிட்டார்.

அப்படித்தான் எங்கள் வீட்டில் அண்ணாச்சி குடியேறினார். “அண்ணாச்சி, கேஸ அணைச்சீயளா?” “அண்ணாச்சி, பேனா காதுல இருக்கு பாருங்க.” எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. கரண்ட் பில் கட்ட மறந்து வீடே இருட்டாகக் கிடக்கும்போது, “பரவால்ல அண்ணாச்சி” என்று ஒரு குரல் கேட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

“மரியாத குடுத்தா கரண்ட் வந்துருமா?” என்று கேட்டேன்.

“திட்டுனாலும் வரலியே” என்றார். மறுநாள் காலையில் முதல் ஆளாகப் போய்க் கட்டிவிட்டு வந்தார். அந்த விடைக்கு நான் மார்க் போட வேண்டியதாயிற்று.

இந்தச் சமயத்தில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவருக்காகவே நேர்மறை எண்ணங்கள் வந்து குவிந்தன. சூரிய உதயப் படம், அதன்மேல் ‘என்னால் எதுவும் முடியும்’ என்ற வாசகம். இவர் அதை டாக்டரிடம் காட்டியிருக்கிறார். “உங்களால எல்லாம் முடியாது சார். சாவிய ஒரே எடத்துல வைக்க முடியாது. அது உண்மை. உண்மையச் சொல்லுங்க, ஆனா கடிச்சுத் துப்பாமச் சொல்லுங்க” என்றாராம். தினமும் சரியாக நடந்தவற்றை ஒரு நோட்டில் எழுதி வைக்கவும் சொன்னார். இவரும் ஆசையாக எழுதினார். முதல் நோட்டு தொலைந்தது. இரண்டாவது நோட்டும் தொலைந்தது. மூன்றாவது நோட்டின் முதல் பக்கத்தில், ‘முதல் நோட்டு கிடைத்தது, அரிசிப் பானைக்குள்’ என்று எழுதியிருந்தார்.

இப்படி ஒன்றரை வருஷம் போயிற்று. தவறுகள் குறைந்தன என்று சொன்னால் பொய். தவறுக்குப் பிறகு வரும் ஆர்ப்பாட்டம் குறைந்தது. ஆனாலும் வேளாங்கண்ணி அளவுக்குப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, நடந்தால் அண்ணாச்சி தாங்குவாரா என்ற கேள்வி எனக்குள் கிடந்துகொண்டேதான் இருந்தது.

என் தங்கை ராஜராஜேஸ்வரி, எங்களுக்கு ராஜி, கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறாள். வயது முப்பத்துநான்கு. அம்மாவும் அப்பாவும் போன பிறகு அம்பாசமுத்திரத்தில் எங்கள் பிறந்த வீட்டில்தான் இருக்கிறாள். இதுவரை வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் சோதனைக் குழாயில் போட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றவள், சென்னை குருபிரசாத்தோடு மட்டும் இரண்டு மாசமாகப் போனில் பேசினாள். “நல்ல மாதிரியாத்தான் தெரியுதாரு அக்கா” என்றாள். அவள் வாயிலிருந்து அது வந்ததே பெரிது. அவர் ஆடிட்டர். அவரும் அவருடைய அம்மா பார்வதியம்மாளும் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. அந்த அம்மாவுக்கு ஓர் ஆசை: முதலில் பாபநாசம் கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு அப்புறம்தான் பெண்ணைப் பார்க்க வேண்டும்.

“டிக்கெட்ட நான் போடுதேன்” என்றார் இவர்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பாபநாசத்துக்கு ரயில் கிடையாது. திருநெல்வேலியிலோ அம்பாசமுத்திரத்திலோ இறங்கி, பஸ்ஸிலோ காரிலோ போக வேண்டும். ரயில் டிக்கெட்டில் பாபநாசம் என்று போட்டால், அது கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் நடுவில் இருக்கும் இன்னொரு பாபநாசம். இது எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என் கணவருக்குத் தெரியுமா என்று கேட்காதீர்கள். ‘பாபநாசம் இரண்டு. பார்த்துப் பதிவு செய்யவும்’ என்று கடைச் சுவரில் எழுதி ஒட்டியிருப்பதே அவர்தான்.

அந்த எழுத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் அந்த டிக்கெட்டைப் போட்டிருக்கிறார். ஒரு கையில் போன், அதில் ராஜி. எதிரே ஜெராக்ஸ் இயந்திரத்தில் காகிதம் சிக்கி ஒரு வாடிக்கையாளர் கத்திக்கொண்டிருந்தார். அதற்கு மேல் டீ வேறு வந்துவிட்டது. கை பாட்டுக்கு ‘பாபநாசம்’ என்று தட்டியது. எழும்பூரில் இரவு ஏறினால் விடியற்காலையில் இறங்கலாம் என்று வந்தது. ‘பரவாயில்லையே, இவ்வளவு சீக்கிரம் வந்துவிடுகிறதே’ என்று சந்தோஷப்பட்டாராம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே கால் மணி. நாங்கள் இருவரும் முதல் நாளே அம்பாசமுத்திரம் வந்திருந்தோம். நான் வடைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். ராஜி குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். வண்டிக்காரர் ஜாஸ்பர் போன் போட்டார். ஸ்டேஷனிலிருந்து கோயிலுக்குத் தாங்களே போய்க்கொள்வதாக மாப்பிள்ளை வீட்டார் சொல்லியிருந்தார்கள். கோயில் வாசலில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வர வேண்டியது அவர் பொறுப்பு.

“அண்ணாச்சி, ஏழு மணியிலேருந்து கோயில் வாசல்ல நிக்கேன். ஆளக் காணுமே.”

இவர் குருபிரசாத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“சாமி எல்லாம் நல்லாக் கும்பிட்டோம் சார். கோயில் வாசல்லதான் நிக்கிறோம். வண்டியைத்தான் காணோம்” என்றார் மாப்பிள்ளை.

“வண்டியும் வாசல்லதான் நிக்கி. ஆத்துப் பக்கம் பாருங்க.”

“ஆறு இருக்கு சார். அந்தப் பக்கம் வண்டி எதுவும் இல்லையே.”

“குரங்கு நிறைய நிக்குமே, அங்கன.”

“குரங்கா? ஒரு ஆடு நிக்குது.”

இவர் நெற்றியைச் சுருக்கினார். “சரி, மலையப் பாத்துத் திரும்பி நில்லுங்க. மலைக்கு இடது கைப் பக்கம்...”

“எந்த மலை சார்?”

“மலை. பெருசா. எதுத்தாப்பல.”

“இங்க மலையே இல்லையே சார். சுத்தி வயல்தான்.”

இவர் இன்னொரு போனை எடுத்தார். “ஏ ஜாஸ்பர், மலை இருக்காலே?”

“அது எங்க போகும் அண்ணாச்சி? இங்கனதான் நிக்கி” என்றார் ஜாஸ்பர்.

இரண்டு போனையும் இரண்டு கையில் பிடித்தபடி இவர் அப்படியே நின்றார். ராஜியின் கையில் இருந்த துண்டு கீழே விழுந்தது. எனக்கும் புரிந்துவிட்டது. முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால், எங்களுக்கு ஒரு சம்பந்தமும் இல்லாத ஆற்றங்கரையில், என் தங்கையின் மாப்பிள்ளை ஓர் ஆட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறார்.

திட்டுகிற சொல் என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பத்தொன்பது வருஷம் பழகிய சொல், தானாகவே வரும். ஆனால் அவருடைய கண் அறைக்குள்ளே போனதை நான் பார்த்தேன். அங்கே கட்டில், கட்டிலுக்கு அந்தப் பக்கம் சுவர். முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். மாவுக் கையோடு அப்படியே நின்றேன்.

“ஒரு நிமிசம் லைன்ல இருங்க சார்” என்றார் மாப்பிள்ளையிடம். போனை மேஜைமேல் வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனார். கை தலைக்குப் போயிற்று, ஒரே ஓர் அடி அடித்தது, அதோடு நின்றது. வாழை மரத்தைப் பார்த்து நின்றுகொண்டு பேசினார்.

“அண்ணாச்சி... தப்பு நடந்துபோச்சு. பெரிய தப்புதான். இல்லன்னு சொல்லல. இப்பம் அவங்க ரெண்டு பேரும் தெரியாத ஊர்ல நிக்காங்க. நீங்க படுத்துட்டா அவங்களுக்கு யாரு வண்டி பாப்பா? வாங்க அண்ணாச்சி. மொத அவங்கள ஏத்தி விடுவோம். பொறவு வேணும்னா படுத்துக்கிடலாம்.”

திரும்பி வந்து போனை எடுத்தார்.

“குருபிரசாத் சார், மந்திரமூர்த்தி பேசுதேன். பாபநாசம் ரெண்டு இருக்கு. நீங்க தஞ்சாவூர்ப் பாபநாசத்துல நிக்கீங்க. டிக்கெட்ட மாத்திப் போட்டது நான்தான், ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல. நீங்க திரும்பிப் போணும்னாலும் வண்டி ஏற்பாடு செய்யுதேன், இங்க வரணும்னாலும் செய்யுதேன். அம்மாட்ட கேட்டுச் சொல்லுங்க. எது சொன்னாலும் எனக்குச் சம்மதம்.”

அந்தப் பக்கத்தில் கசமுசவென்று பேச்சு. ராஜி போனுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். பிறகு பார்வதியம்மாளின் குரல் கேட்டது. “இவ்வளவு தூரம் வந்துட்டு இன்னொரு பாபநாசத்தையும் பாக்காமப் போறதா? வரோம்னு சொல்லுடா.”

அதற்குப் பிறகு இருபது நிமிஷம் எங்கள் வீட்டில் அந்த வெள்ள நாளின் மூர்த்தி நின்றார். தஞ்சாவூரில் அலி அக்பர் என்று ஒரு டிக்கெட் ஏஜெண்ட். பன்னிரண்டு வருஷமாகப் போனிலேயே சிநேகம், நேரில் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. அவர் மூலமாக நல்ல கார், நிதானமான டிரைவர், காலைப் பலகாரத்துக்கு ஓட்டல், அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் நிறுத்தம், எல்லாம் ஏற்பாடாயிற்று. மேஜைமேல் மாவு சிந்திக் கிடந்தது. அதிலேயே விரலால் நேரத்தைக் குறித்துக் குறித்துப் பேசினார். நான் வாயிலிருந்து முந்தானையை எடுக்கவே மறந்திருந்தேன்.

பத்தரை மணிக்கு நல்ல நேரம் பார்த்து வந்து உட்கார்ந்த பெரியப்பா ஐயம்பெருமாள், மூன்று மணி வரைக்கும் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தார். “சகுனமே செரியில்ல. டிக்கெட் போட்ட கோட்டிப்பய யாருலே?” என்று நாலு தடவை கேட்டார். தெரிந்தேதான் கேட்டார். கோட்டி என்றால் எங்கள் ஊரில் பைத்தியம். மற்ற நாளாக இருந்தால் இவர் கொல்லைப்புறமாகப் போயிருப்பார்.

“நான்தான் பெரியப்பா. கோட்டியெல்லாம் இல்ல, கவனம் பிசகிட்டு. மூணு மணிக்கு வந்துருவாங்க. நீங்க ஒரு வாய் சாப்பிடுங்க” என்றார். பெரியப்பா இலைக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். சாப்பிட்டார்.

மூன்றே காலுக்குக் கார் வந்தது. பார்வதியம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். இவர் ஓடிப்போய்க் கைகொடுத்தார். “காலையில ஒரு பாபநாசம் பாத்தாச்சு. சாயங்காலம் உங்க பாபநாசம். இருக்கிற பாவம் மொத்தமும் போச்சு. இனிமே புதுசா ஏதாவது பண்ணினாத்தான் உண்டு” என்று அந்த அம்மா சொல்லிச் சிரித்ததும் பெரியப்பாகூட மீசைக்குள் சிரித்துவிட்டார்.

வடையைத் தின்றுகொண்டே குருபிரசாத் ராஜியிடம் சொன்னது எனக்குக் காதில் விழுந்தது. “டிக்கெட்டை நானும் நாலு தடவை பாத்தேங்க. ஆடிட்டர்னு பேரு. மலை இல்லைன்னதும், அம்மாகிட்ட என்ன பொய் சொல்லித் தப்பிக்கலாம்னுதான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன். அதுக்குள்ள அவர் ‘நான்தான்’னுட்டார். எனக்கு வெக்கமாப் போச்சு.”

ராஜி அவர் தட்டில் இன்னொரு வடை வைத்தாள். கேட்காமல் அவள் யாருக்கும் இரண்டாவது வடை வைத்து நான் பார்த்ததில்லை.

ஐந்தரை மணிக்கு அவர்கள் ஜாஸ்பர் வண்டியில் எங்கள் பாபநாசத்துக்குப் புறப்பட்டார்கள். சாமி கும்பிட்டுவிட்டு ராத்திரி ரயிலுக்குத் திருநெல்வேலி. அந்த டிக்கெட்டை நான் ஒருமுறை, ராஜி ஒருமுறை, பெரியப்பா கண்ணாடி போட்டு ஒருமுறை சரிபார்த்தோம். ராஜியும் அவர்களை வழியனுப்ப வண்டியிலேயே போனாள்.

நானும் இவரும் பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். அவர் தேய்க்க, நான் அலச.

“இன்னைக்கு நல்லாச் சமாளிச்சீய” என்றேன்.

அவர் வடைச் சட்டியின் அடியை ரொம்ப நேரம் தேய்த்தார். பிறகு சட்டியைப் பார்த்தபடியே சொன்னார். “டாக்டர் ஒன்னைய வெளிய இருக்கச் சொன்னாங்கல்லா, அப்பம் இன்னொண்ணும் கேட்டாங்க. உள்ள இருந்து திட்டுதே ஒரு கொரலு, அது யாரு கொரலு மாதிரி இருக்குன்னு.”

“என்ன சொன்னீய?”

“எங்கப்பா கொரலுன்னு சொன்னேன்.”

“மாமாவா? அவங்க ஒங்கள அதட்டி நான் பாத்ததே இல்லையே.”

“அதட்ட மாட்டாருதான். ஆனா அவரு போய்ச் சேந்துட்டாரு. அவரச் சொன்னா யாருக்கும் வருத்தமில்ல.”

“அப்பம் யாரு கொரலு?”

அவர் சட்டியில் தண்ணீரை ஊற்றினார். அவர் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு எட்டுகிற குரல் எனக்கு. வீட்டிலும் எட்டியிருக்கிறது.

“இன்னைக்குக் காலைலயும் கேட்டுதா?” என்றேன்.

“கேக்கும்னுதான் நின்னேன். நீ எதுத்தாப்பல முந்தானைய வாயில திணிச்சுக்கிட்டு நின்ன. கண்ணு ரெண்டும் பிதுங்குது. ஆனா ஒரு வார்த்த வரல. அதப் பாத்தப் பொறவு உள்ளயும் சத்தம் கொறஞ்சு போச்சு.”

நான் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். நன்றாக, வாய்விட்டு அழுதேன். எவ்வளவு சொல்லியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை.

“ஏட்டி, அழாத. இரு, தண்ணி கொண்டாரேன்” என்று பதறிப்போய் உள்ளே ஓடினார்.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. தண்ணீர் வரவில்லை. நானே முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். கூடத்துச் சுவர்க் கடிகாரம் சுவரில் இல்லை. அது மேஜைமேல் மல்லாந்து கிடந்தது. அதன் குடலும் சக்கரமும் வரிசையாகப் பரந்து கிடந்தன. இவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு திருகாணி ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு தம்ளர் நிறையத் தண்ணீர்.

நிலைப்படியில் என் நிழல் விழுந்ததும் நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். தம்ளரைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. வலது கை தலைக்கு உயர்ந்தது.

“தண்ணிய ஊத்தி வச்சிட்டீயளே, அது போதும். நான் எடுத்துக்கிடுதேன். நீங்க கடிகாரத்தப் பாருங்க” என்றேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் நான் பேசுகிற குரல் அது. அவரிடம் அதை எடுத்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

தலைக்குப் போன கை மெல்ல இறங்கி மேஜைக்கு வந்தது.